வடாலா, 0 கி.மீ.

கப்பலிலிருந்து இறங்கிய வீடு அது.
நான்கு சக்கரம், ஒரு கட்டில், இரண்டு அடுப்பு,
ஸ்டீயரிங் இடது பக்கம்.
வடாலா யார்டில் ஒன்பதாம் வரிசை.
முன்னால் துருப்பிடித்த கண்டெய்னர்,
பின்னால் யாரும் கேட்டு வராத பேரீச்சை மூட்டைகள்.

கிளியரிங் ஏஜென்சியில் நான் பதினாறு வருஷக் குமாஸ்தா.
படிவம் கேட்கிறது: வாகனமா, வீட்டுச் சாமானா?
எஞ்சின் உண்டு என்றால் ஒரு மேசை,
சமையலறை உண்டு என்றால் இன்னொரு மேசை.
கேஸ் சிலிண்டருக்கு மூன்றாவது மேசை.
அவர் லீவு.

டேப் வைத்து அளந்தேன்.
நீளம் பத்தொன்பது அடி எட்டு அங்குலம், அகலம் ஏழு.
ஆன்டாப் ஹில்லில் நாங்கள் ஐந்து பேர் படுக்கும் அறையைவிட
ஐந்தாறு சதுர அடி கூடுதல்.
"அதுல கக்கூஸ் இருக்கா?" என்றாள் இசக்கி.
இருக்கு என்றேன்.
"அப்புறம் எதுக்கு ஊர் ஊரா அலையுதாங்க?"

டாஷ்போர்டு அறைக்குள் ஒரு நீல நோட்டு.
பட்டியல் எடுப்பதுதான் என் வேலை, படிப்பதல்ல.
ஆனாலும் எண்கள் எல்லோருக்கும் பொது.
ஊர், தேதி, கிலோமீட்டர், லிட்டர்.
ஊர்ப்பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்,
எந்த எழுத்தை விழுங்க வேண்டும் என்று பிடிபடவில்லை.
14 கி.மீ. 9 கி.மீ. 22.
இவ்வளவு பக்கம் பக்கமாகவா
பிரான்சில் ஊர் வைத்திருக்கிறார்கள்?

மதியம் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு
ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து
ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போய்வந்தேன்.
ரொட்டிக்கடை ரசீது ஒட்டிய ஊர்.
என்னவோ ஒரு இலை நசுங்கிக் கிடந்த ஊர்.
டீசல் ஐந்து பைசா மலிவாக இருந்ததற்கு
மூன்று ஆச்சரியக்குறி போட்ட ஊர்.
பிறகு ஒரே ஊரில் பதினொரு நாள்.
கிலோமீட்டர் இல்லை, லிட்டர் இல்லை,
ஓரத்தில் ஒரு கறுப்பு விரல்ரேகை.
அதுவரை இரண்டு கையெழுத்து.
அதற்கப்புறம் ஒன்று.

வடாலாவிலிருந்து ஜி.டி.பி. நகர் ஒரே ஸ்டேஷன்தான்.
அதற்குள் அவரை ஒருநாள் சாகடித்தேன்,
ஒருநாள் இன்னொருத்தியோடு ஓடவிட்டேன்,
கூட்டம் குறைந்த ஒரு ஞாயிறு மட்டும்
இருவரையும் சமாதானம் செய்துவைத்தேன்.

பதினெட்டாம் நாள் ஒதில் அம்மாள் வந்தாள்.
அவளுக்கும் எனக்கும் தெரிந்தது ஆளுக்கு அரை ஆங்கிலம்.
நோட்டில் விரல் வைத்துக் கேட்டேவிட்டேன்.
யோசித்தாள். சிரித்தாள்.
ஃபேன் பெல்ட் அறுந்ததாம்.
அந்த ஊர் மெக்கானிக் விடுமுறையில் போயிருந்தானாம்.
ரெமி தானே மாட்டுகிறேன் என்று போய்
விரலை நசுக்கிக்கொண்டாராம்,
எழுதுகிற விரல்.
நான் கொன்றவர்
ஞாயிற்றுக்கிழமை விமானத்தில் வருகிறார்.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு புகைப்படம் இருந்தது.
ஊர்ப்பெயர்ப் பலகை, பெயரின் குறுக்கே சிவப்புக் கோடு.
ரத்தான ஊரா என்றேன்.
எங்கள் தொழிலில் அந்தக் கோட்டுக்கு வேறு அர்த்தம் கிடையாது.
இல்லை, ஊர் முடிந்தது என்று அர்த்தமாம்,
இனி அடுத்த ஊர் வரும்வரை வயல்தானாம்.
"உங்களுடையது எங்கே முடிகிறது?"
வடாலா, ஆன்டாப் ஹில், கோலிவாடா, சயான், தாராவி
என்று கையை நீட்டிக்கொண்டே போனேன்.
கை வலித்தது.

மூன்றாவது மேசை லீவு முடிந்து வந்தது.
இருபத்துமூன்றாம் நாள் சிலிண்டரைக் கழற்றி வைத்துவிட்டுக்
கையெழுத்தும் ஆயிற்று.
நீல நோட்டை எடுத்து அவள் எழுதினாள்:
வடாலா. 0 கி.மீ. 0 லிட்டர். 23 நாள்.
முழு நோட்டிலும் அவர்கள் அதிக நாள் தங்கிய ஊர்
எங்களுடையது.

வாசலில் கேட் பாஸை வாங்கினேன்.
மேலே கொட்டை எழுத்தில் வடாலா.
இன்னொரு முறை யாரும் பயன்படுத்தக் கூடாது,
அது விதி. பையிலிருந்து பேனா எடுத்துக்
குறுக்கே சிவப்பாக ஒரு கோடு இழுத்தேன்.
இடது பக்க ஜன்னலில் இருந்து எட்டிப் பார்த்து
அவள் கைதட்டினாள்.